மறுத்தவளின் குரல்
(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'பழங்கதையும் புதுக்கவிதையும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். இப்பொருளை விளக்குதற்கு நாம் தேர்ந்துகொண்ட நாடு, வடகடலில் பனிக்கும் எரிமலைக்கும் இடையே கிடக்கும் ஐஸ்லாந்து என்னும் தீவு. இத்துணைத் தொலைவிலுள்ள நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பழங்கதை ஒன்றில் பேசவிடாமல் அடக்கப்பட்ட ஒருத்தி, பல நூற்றாண்டுகள் கழிந்தபின் கவிஞர் ஒருவரின் எழுதுகோல் வழியே வாய் திறந்தாள். அது நிகழ்ந்த நாடு அதுவாகையால் அதனைத் தேர்ந்தோம். அவள் வாய் திறப்பதற்குக் கல்வி எவ்வாறு துணை நின்றது என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நாடும் நூலும்

ஐஸ்லாந்தின் இன்றைய மக்கள்தொகை நான்கு இலட்சத்திற்கும் குறைவே. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வே முதலிய நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தோர் அங்குக் குடியேறினர். 930ஆம் ஆண்டளவில் ஆல்திங்கு என்னும் பொது மன்றத்தை நிறுவினர். 1000ஆம் ஆண்டை ஒட்டிக் கிறித்தவ சமயத்தை ஏற்றனர். எனினும் தம் முன்னோர் பாடிய தேவர் கதைகளை அவர்கள் எரித்துவிடவில்லை. ஓடின், தோர், ஃபிரெய்ர் என்னும் தேவர்களையும், அவர்தம் பகைவராகிய யோத்துன் என்னும் பேருருவக் குலத்தாரையும் பற்றிய பாடல்கள் மக்கள் நாவில் நிலைத்து, பின்னர் எழுத்தில் ஏறின.

அவ்வெழுத்துக்கள் இரண்டு நூல்களாக நம் காலம்வரை வந்துள்ளன. ஒன்று, ஸ்னோரி ஸ்தூர்லுசன் என்னும் பேரறிஞர் 1220ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய உரைநடை எட்டா. பழங்கதை தெரியாத இளங்கவிஞர்க்குப் பழைய செய்யுளின் பொருள் விளங்காது என்று கருதி, அவர்க்குப் பாடநூலாக அவர் அதனை ஆக்கினார். மற்றொன்று, பழம்பாடல்களின் தொகுதியாகிய செய்யுள் எட்டா. அதன் தலையாய சுவடி 1270ஆம் ஆண்டளவில் கன்றின் தோலில் எழுதப்பட்டது. 45 ஏடுகளே எஞ்சியுள்ள சிறிய சுவடி அது. இடையில் சில ஏடுகள் காணாமற்போயின. அதனை எழுதியவர் யார் என்பதும் எவர்க்கும் தெரியாது.

ஐஸ்லாந்து 1262 முதல் நார்வே மன்னர்க்கும், பின்னர் டென்மார்க் மன்னர்க்கும் அடங்கியது. 1643இல் பிரின்யோல்புர் என்னும் ஆயர் கையில் அகப்பட்ட அச்சுவடி, 1662இல் டென்மார்க் மன்னர்க்குக் காணிக்கையாகச் சென்றது. அடிமைப்பட்ட நாட்டின் செல்வம் ஆள்வோர் அரண்மனைக்குச் செல்லுதல் உலகில் புதிதன்று. ஆனால் ஐஸ்லாந்து மக்கள் அதனை மறக்கவில்லை. 1944இல் குடியரசான பின்னும் தங்கள் சுவடிகளைத் திருப்பித் தருமாறு இடைவிடாது கேட்டனர். 1971 ஏப்ரல் 21ஆம் நாள் டென்மார்க்கின் போர்க்கப்பல் ஒன்று அச்சுவடியைச் சுமந்துகொண்டு ரெய்க்யவிக் துறைமுகத்தை அடைந்தது. அதனை வரவேற்கத் துறைமுகத்தில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஒரு மன்னரையோ படைத்தலைவரையோ காண அவர்கள் கூடவில்லை. ஒரு பழைய நூல் தாயகம் திரும்புவதைக் காணவே கூடினர். இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஏழைகள் காத்த செல்வம்

சுவடி டென்மார்க்கில் இருந்த முந்நூறு ஆண்டுகளில், கதைகளைக் காத்தவர் யாவர்? பெரும்பாலும் ஏழை எளிய மக்களே.

அந்நாட்டில் நிலமில்லாதார் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பண்ணையில் வேலைக்கு அமர்ந்தே தீரவேண்டும் என்று நீண்ட காலம் சட்டம் இருந்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத ஏழைகளை, மிகக் குறைந்த பராமரிப்புத் தொகை கேட்ட வீட்டில் ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. 1783இல் லாக்கி எரிமலை வெடித்து, அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அளவுக்கு மாண்டனர். இத்துணைத் துன்பத்தினிடையேயும் அவர்கள் ஒரு வழக்கத்தைக் கைவிடவில்லை. குளிர்கால இரவுகளில், புற்கரணைகளால் சுவர் எழுப்பிய வீட்டின் ஒரே கூடத்தில் பண்ணையாரும் பணியாளரும் ஒருங்கே அமர்வர். மற்றவர் கம்பளி சிக்கெடுத்தும் நூற்றும் பின்னியும் கொண்டிருக்க, ஒருவர் உரக்க நூல் படிப்பார். அல்லது 'ரீமூர்' என்னும் நெடுங்கதைப் பாடலை இசையோடு ஓதுவார். தோரின் சம்மட்டி களவு போன கதையும், தோர் பேருருவர் நாட்டுக்குச் சென்ற கதையும் ஏறத்தாழ 1400ஆம் ஆண்டையொட்டி இத்தகைய ரீமூர்ப் பாடல்களாயின.

பள்ளிகள் அரிதாயிருந்த அந்நாட்டில் வீடே பள்ளியாயிற்று. கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது 1907இல்தான். ஆயினும் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே படிக்கத் தெரிந்தோர் அங்குப் பெரும்பான்மையினராய் இருந்தனர்.

அம்மரபில் வந்த ஒருவரை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுவோம். போலு-ஹியால்மர் என்று மக்கள் அழைத்த ஹியால்மர் யோன்சன் 1796இல் பிறந்தவர். வறிய உழவர். திருட்டுப் பழி சுமத்தப்பெற்று, வழக்கில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர். ரீமூர்ப் பாடல்களும், செல்வரைச் சாடும் கூரிய செய்யுட்களும் இயற்றினார்; நாட்டுக் கதைகளையும் எழுதிவைத்தார்; 1875இல் வறுமையிலேயே மறைந்தார். அவர் காலத்துச் செல்வர் பலருடைய பெயர் இன்று மறைந்துவிட்டது. அவர் பெயரோ அந்நாட்டு இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றுள்ளது.

புதிய கவிஞர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடுதலை உணர்வு எழுந்தபோது கவிஞர் பலர் பழைய எட்டாப் பாடல்களை நாடினர். இயற்கையையும் நாட்டையும் பாடிய யோனாஸ் ஹால்கிரிம்சன் (1807–1845) எட்டாவின் பழைய யாப்புக்களை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தார். ரீமூர்ப் பாடல்கள் தரம் தாழ்ந்தன என்று 1837இல் அவர் கடுமையாக எழுதியதும் உண்டு. பெனடிக்ட் குரோன்டல் என்பார் தேவர்களின் அழிவைப் பொருளாகக் கொண்டு 1868இல் ஒரு செய்யுள் நாடகம் வெளியிட்டார். இவர்களுக்குப் பழங்கதை நாட்டின் பெருமைச் சின்னமாய் விளங்கியது. அடிமைப்பட்ட மக்கள் தலைநிமிர்வதற்கு அத்தகைய சின்னம் தேவையாயிற்று. அதனை நாம் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் பெருமை பேசுவதற்காகக் கதையை எடுப்பவர், கதையில் துன்புற்றவர் யார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அக்கேள்வி எழ மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. இதனிடையே, 1940களிலும் 50களிலும் புதுக்கவிஞர்கள் எதுகை மோனைத் தளைகளைத் தளர்த்திக் கவிதையை விடுவித்தனர். ஸ்டெயின் ஸ்டெயினர் என்னும் வறிய குடும்பத்துக் கவிஞர் 1948இல் வெளியிட்ட 'காலமும் நீரும்' அவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. 1975 அக்டோபர் 24ஆம் நாள் ஐஸ்லாந்துப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டு வேலையையும் வெளி வேலையையும் ஒருநாள் நிறுத்தித் தம் உழைப்பின் மதிப்பை நாட்டுக்கு உணர்த்தினர். 1980இல் விக்டிஸ் பின்போகாடோட்டிர் என்னும் அம்மையாரை மக்கள் தம் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தனர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்த முதற் பெண் குடியரசுத் தலைவர் உலகிலேயே அவர்தாம். இவ்வாறு கவிதையும் சமுதாயமும் மாறிவந்த மண்ணில்தான் நாம் சொல்லப்போகும் கவிதை முளைத்தது.

ஸ்கீர்னிர் தூது சென்ற கதை

முதலில் பழங்கதையைக் கேளுங்கள். அது செய்யுள் எட்டாவில் 42 பாடல்களாக உள்ளது.

விளைவும் மழையும் வெயிலும் தன் ஆட்சியிலுடைய ஃபிரெய்ர் என்னும் தேவன், ஒருநாள் ஓடினின் உயர்ந்த இருக்கையில் ஏறி உலகங்கள் அனைத்தையும் நோக்கினான். பேருருவர் நாட்டில் கிமிர் என்பவனுடைய மகள் கெர்துர் தன் வீட்டு முற்றத்தில் நடப்பதைக் கண்டான். அவளுடைய கைகளின் ஒளியால் வானும் கடலும் விளங்கினவாம். கண்டவன் காதல் நோயுற்றுப் படுத்தான். தன் ஏவலன் ஸ்கீர்னிரை அழைத்துத் தன் குதிரையையும், தானே போர் புரிய வல்ல வாளையும் கொடுத்து, அவளைக் கொண்டுவருமாறு அனுப்பினான்.

வாயிலில் ஆள் அரவம் கேட்டபோதே, வந்திருப்பவன் தன் உடன்பிறந்தானைக் கொன்றவனோ என்று கெர்துர் ஐயுற்று அஞ்சினாள். ஆயினும் விருந்தினனை உள்ளே அழைத்தாள். ஸ்கீர்னிர் பதினொரு பொற்கனிகளைத் தருவதாகச் சொன்னான், அவள் மறுத்தாள். ஒன்பதாம் இரவுதோறும் எட்டு மோதிரங்களை ஈனும் அரிய பொன்வளையம் ஒன்றைத் தருவதாகச் சொன்னான். தன் தந்தையின் வீட்டில் பொன்னுக்குக் குறைவில்லை என்று அதனையும் மறுத்தாள். உடனே வாளைக் காட்டினான். தலையைக் கொய்வேன் என்றான். உன் தந்தையையும் வீழ்த்துவேன் என்றான். வன்முறைக்கும் ஆசைக்கும் அடிபணியேன் என்று அவள் உறுதியாக நின்றாள். இறுதியில் மந்திரக் கோலை எடுத்தான். யாவரும் நகைக்க நிற்பாய், மூன்று தலை அரக்கனோடு வாழ்வாய், ஆட்டின் சிறுநீரே உனக்குப் பருகுநீர், நெருஞ்சிபோல் மிதிபடுவாய் என்று சாபங்களை அடுக்கி, அவற்றை எழுத்தாக வெட்டத் தொடங்கினான். அப்போதுதான் அவள் பணிந்தாள். ஒன்பது இரவு கழித்து பாரி என்னும் சோலையில் ஃபிரெய்ரைச் சந்திப்பதாகச் சொன்னாள். அத்துணை நாள் எவ்வாறு பொறுப்பேன் என்று ஃபிரெய்ர் புலம்புவதோடு பாடல் முடிகிறது. கெர்துர் அந்த ஒன்பது இரவுகளை எவ்வாறு கழித்தாள் என்பதைப் பாடல் சொல்லவில்லை.

இனி, இக்கதையை அறிஞர் உலகம் என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்னோரி இப்பாடலை அறிவார். இதிலிருந்து ஒரு பாட்டைத் தம் நூலில் எடுத்தும் காட்டுகிறார். ஆயினும் அவர் கதையைச் சுருக்கி எழுதியபோது, ஸ்கீர்னிர் சென்று பெண் கேட்டான், அவளும் இசைந்தாள் என்று முடித்துவிட்டார். வாளும் இல்லை, சாபமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஃபிரெய்ர் தன் வாளை இழந்தானே, இறுதிப் போரில் என் செய்வான் என்பதே அவருடைய கவலையாயிற்று. 1909இல் மாக்னுஸ் ஓல்சன் என்னும் நார்வே அறிஞர் இக்கதைக்கு வேறொரு விளக்கம் தந்தார். கெர்துர் என்பவள் வேலியிட்ட விளைநிலம், ஃபிரெய்ர் விளைவுக்குரிய தேவன், ஸ்கீர்னிர் கதிரொளி. ஆகவே இது குளிர் நீங்கி வேனில் வரும் திருமணம் என்றார். அழகான விளக்கமே. ஆனால் நிலத்திற்கு மறுக்கும் வாய் இல்லை, கெர்துருக்கோ இருந்தது. ஒரு பெண்ணை நிலம் என்று உருவகித்துவிட்டால் அவளுடைய மறுப்பைக் கேட்க வேண்டிய கடமை நீங்கிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அறிஞர் சிலர் இவ்விளக்கத்தை விடுத்து, இதிலுள்ள வன்முறையைப் பற்றிப் பேசலாயினர்.

ஒருவழி நீதி

இக்கதை தனித்த ஒன்றன்று. எட்டாக் கதைகளில் தேவர்கள் பேருருவர் குலத்துப் பெண்களைக் கொள்வர். ஆனால் பேருருவர் குலத்து ஆண் ஒருவன் தேவர் குலத்துப் பெண்ணை விரும்பினால் அவன் தலை தப்பாது. திரிம் என்பவன் ஃபிரெய்யா என்னும் தேவியை மணமகளாகக் கேட்டான். தோர் மணப்பெண் வேடத்தில் சென்று அவனையும் அவன் சுற்றத்தையும் அடித்துக் கொன்றான். தேவர்க்கு மதில் கட்டிக் கொடுத்தவன் ஃபிரெய்யாவைக் கூலியாகக் கேட்டான். மதில் முடியும் தறுவாயில் அவன் சூழ்ச்சியால் தடுக்கப்பட்டு, தோரின் சம்மட்டியால் மாண்டான். இத்தனைக்கும், தேவர் தலைவனாகிய ஓடினின் தாயே பேருருவர் குலத்தவள். தாயின் குலத்தைத் தாழ்ந்த குலமென்று ஒதுக்கி, அக்குலத்துப் பெண்ணையும் உழைப்பையும் மட்டும் எடுத்துக்கொள்ளும் நீதி அது. இத்தகைய ஒருவழி நீதி எவ்வாறிருக்கும் என்பதை இவ்வவையினர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குருதிக் குளம்பன்

2010இல் 'புளோத்ஹோப்னிர்' என்னும் கவிதை நூல் ஐஸ்லாந்தில் வெளிவந்தது. 'குருதி தோய்ந்த குளம்புடையது' என்பது அதன் பொருள். பழைய பாடல்களில் ஃபிரெய்ருடைய குதிரைக்கு வழங்கும் பெயரை ஒட்டியது. இயற்றியவர் கெர்துர் கிறிஸ்ட்னி என்னும் அம்மையார். 1970இல் ரெய்க்யவிக் நகரில் பிறந்தவர். கதைத்தலைவியின் பெயரும் கவிஞரின் பெயரும் ஒன்றாயிருத்தல் காண்க. அந்நூல் அவ்வாண்டிற்குரிய ஐஸ்லாந்து இலக்கியப் பரிசைப் பெற்றது. 2012இல் ரோரி மெக்டர்க் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

அந்நூலில் கதை சொல்பவள் கெர்துரே. தேவன் எவ்வாறு காதலுற்றான் என்பதில் கதை தொடங்கவில்லை. அவள் பிறந்த நாடு, அவள் தாய், அவள் விட்டுவந்த வீடு ஆகியவை அவள் வாயிலாகவே வருகின்றன. பேருருவர் நாடு பழைய நூல்களில் அச்சத்திற்குரிய இடம்; இங்கோ அது ஒரு மகளின் தாய்வீடு. தேவர்களின் ஒளிமிக்க உலகம் இங்கு இரும்பும் கேடயமும் நிறைந்த குளிர்ந்த சிறையாகத் தோன்றுகிறது. பழைய பாடல் எங்கு நின்றதோ, அதற்கு அப்பாலும் இக்கவிதை செல்கிறது. தேவனுடைய இல்லத்தில் அவள் கழித்த வாழ்வையும், அவளுக்கு ஒரு மகன் பிறப்பதையும், தன் சுற்றத்தார் வந்து தன்னை மீட்பர் என்று அவள் நம்பியிருப்பதையும் கூறுகிறது. ஸ்னோரி எழுதிய மன்னர் வரலாற்றில் அம்மகன் சுவீடன் அரசகுலத்தின் முன்னோன் என்ற அளவில் இடம் பெறுகிறான். இங்கு அவன் ஒரு தாயின் மகனாகப் பிறக்கிறான்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். பழைய எட்டாச் செய்யுள், முதல் அரையடியில் ஒன்று அல்லது இரண்டு சொற்களும் அடுத்த அரையடியில் ஒரு சொல்லும் ஒரே ஒலியில் தொடங்குமாறு அமைவது. நம் யாப்பில் மோனை என்போமே, அதனை ஒத்தது. அங்கு உயிரெழுத்துக்கள் யாவும் ஒன்றற்கொன்று மோனையாகும். கெர்துர் கிறிஸ்ட்னி பழைய யாப்பைப் பின்பற்றவில்லை. அடிகள் மிகச் சிறியன. இரண்டு மூன்று சொற்களே கொண்டவை பல. ஆயினும் மோனையின் ஒலி அவற்றில் ஆங்காங்கே கேட்கிறது. ஓலமிட்டு அழுவோரின் நீண்ட புலம்பல் அன்று அது. பற்களைக் கடித்துக்கொண்டு பேசுவோரின் சுருங்கிய பேச்சு.

நாம் கொள்ளவேண்டுவன

இளைஞர்களே, இக்கவிதை நமக்கு மூன்று செய்திகளைத் தருகிறது.

முதலாவது, கெர்துர் மறுத்தாள் என்பது புதிய கவிஞரின் கற்பனை அன்று. அது பழைய சுவடியிலேயே இருந்தது. பெயர் தெரியாத பழம்புலவர் அவளுடைய மறுப்பை மறைக்காது பாடிவைத்தார். சுருக்கி எழுதியவரே அதனை விட்டுவிட்டார். விளக்கம் சொன்னவரே அதனை உருவகத்தால் மூடினார். சுருக்கத்தை மட்டும் படித்தவர் அவள் இசைந்தாள் என்றே நம்பியிருப்பர். மூலத்தைத் தாமே படித்தவர்க்கே உண்மை தெரிந்தது. ஆகவே, உங்களைப் பற்றியும் உங்கள் முன்னோரைப் பற்றியும் பிறர் எழுதிய சுருக்கங்களை அவ்வாறே ஏற்காதீர்கள். மூலத்தைத் தேடிப் படியுங்கள். கல்வெட்டாயினும், ஆவணமாயினும், அரசிதழாயினும், பழம்பாடலாயினும், உங்கள் கண்ணால் படியுங்கள்.

இரண்டாவது, பழைய நூல் நமக்கு நீதி செய்யவில்லை என்று அதனைக் கொளுத்திவிட்டால், அதனுள் சிக்கியிருக்கும் நம் குரலும் எரிந்துபோகும். கெர்துர் கிறிஸ்ட்னி பழங்கதையை அழிக்கவில்லை, பணியவும் இல்லை. அதனுள் நுழைந்து, எவரும் அமராத இடத்தில் அமர்ந்து பார்த்தார். எதிர்ப்பதற்கும் கல்வி வேண்டும். நன்கு கற்றவரின் எதிர்ப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது, ஒரு குரல் கேட்கப்படுவதற்குக் காலம் கடக்கலாம். ஆனால் எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் என்றேனும் கேட்கப்படும். பழைய தோலேடுகள் அழிந்துபோயிருந்தால் கெர்துரின் மறுப்பும் அவற்றோடு அழிந்திருக்கும். நம் வீடுகளில் முதியோர் உள்ளனர். அவர்கள் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும், நடவுப் பாட்டும், அவர்கள் பட்ட பாடும் நினைவில் மட்டுமே உள்ளன. நினைவு முதியோரோடு போய்விடும். இரவில் விளக்கடியில் கம்பளி நூற்றுக்கொண்டே நூல் கேட்ட அந்த ஏழை மக்களை எண்ணிப் பாருங்கள். நம் கழகத்து மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வாங்கி, தம் பாட்டனார் பாட்டியார் சொல்வதை, சொன்னபடியே, திருத்தாமல் எழுதி வைத்தல் வேண்டும். திருத்தாமல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். கெர்துரின் கதையில் திருத்தியபோதே அவள் குரல் போயிற்று.

இக்கழகம் தோன்றியபோது எழுத்தறிவித்தலே அதன் முதற் பணியாய் இருந்தது. அடுத்த 25 ஆண்டுகளில் எழுதுவோரை ஆக்குதல் அதன் பணியாகட்டும். பிறர் எழுதிய கதைகளில் நாம் ஏவலராகவோ, பகைவராகவோ, பெயரற்றவராகவோ வந்திருக்கலாம். நம் பிள்ளைகள் எழுதும் கதையில் நாம் நம் பெயரோடு வருதல் வேண்டும். அதற்கு வேண்டிய எழுத்தும் தாளும் விளக்கும் நம் கையில் உள்ளன. வேண்டுவது உழைப்பு ஒன்றே.

 வளர்க நம் கழகம்!